இணையத்தில் கரையும் நேரமும் வீட்டில் சேரும் அடைசலும்

அளவுக்கு மீறி இணையத்தில் மூழ்கினால் என்ன கெடும் என்று கேட்டுப் பாருங்கள். கண் கெடும், தூக்கம் கெடும், பிள்ளைகளின் படிப்பு கெடும் என்று பதில் வரும். வீட்டு மேசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிரிக்காத உறைகளும் பழைய ரசீதுகளும் பரவிக் கிடக்கும் மேசை, மடிக்காத துணிகள் ஏறிக்கொண்ட நாற்காலி, மூலையில் தூசி படிந்து நிற்கும் கிட்டார், பாதியில் நின்றுபோன பின்னல் வேலை: இவற்றுக்கும் கையில் இருக்கும் கைப்பேசிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பு எப்படி ஏற்படுகிறது என்பதைத்தான் இங்கே அடிப்படையிலிருந்து விளக்கப் போகிறேன். வீடு கலைந்து கிடப்பதற்குத் தங்கள் சோம்பலும், பிடித்த வேலை விட்டுப்போனதற்குத் தங்கள் ஆர்வக்குறைவுமே காரணம் என்று தங்களைத் தாங்களே திட்டிக்கொள்பவர்கள் பலர். அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

எது அளவு மீறல்?

ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று கோடு போட முடியாது. தொலைவில் இருக்கும் பெற்றோருடன் ஒரு மணி நேரம் பேசுவதும், எதற்கென்றே தெரியாமல் ஒரு மணி நேரம் திரையைத் தள்ளிக்கொண்டிருப்பதும் கடிகாரத்துக்கு ஒன்றுதான், வாழ்க்கைக்கு ஒன்றல்ல. ‘இணைய அடிமைத்தனம்’ என்ற பொதுவான நோய்ப்பெயர் மருத்துவ வகைப்பாடுகளில் இன்னும் ஏறவில்லை. இணைய விளையாட்டுகள் தொடர்பான கோளாறுக்கு மட்டும் அங்கே இடம் கிடைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் விளையாட்டுக் கோளாறுக்குச் சொல்லப்பட்ட அடையாளங்களில் ஒன்று, மற்ற ஆர்வங்களையும் அன்றாட வேலைகளையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு விளையாட்டு முன்னால் வந்து நிற்பது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடும், மேலும் ஆராய வேண்டிய நிலை என்ற குறிப்போடு, இதே போன்ற ஒரு பட்டியலைத் தந்தது. முன்பு பிடித்திருந்த பொழுதுபோக்குகளில் நாட்டம் போய்விடுவது அந்தப் பட்டியலில் தனி அம்சமாகவே இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மருத்துவர்கள் அளவு மீறலைத் தேடும்போது மணிக்கணக்கைப் பார்ப்பதோடு நிற்கவில்லை; எது இடம் இழந்தது என்று பார்க்கிறார்கள். பெரும்பாலானவர்களின் இணையப் பழக்கம் நோய் என்ற எல்லைக்கு அருகில்கூடப் போகாது. ஆனாலும் அதே கேள்வியை நாமும் கேட்டுக்கொள்ளலாம். எந்த வேலை தினமும் நாளைக்குத் தள்ளப்படுகிறது? ஆசையாகச் செய்துகொண்டிருந்த எது பல மாதங்களாகத் தொடப்படவில்லை?

அடைசல் சேரும் விதம்

வீட்டில் பொருள்கள் அதிகமாக இருப்பது வேறு, அடைசல் வேறு. ஆயிரம் புத்தகங்கள் அடுக்கில் நின்றால் அது நூலகம். பத்துப் புத்தகங்கள் கட்டிலிலும் தரையிலும் கிடந்தால், காலடி வைக்கும்போதெல்லாம் உறுத்தும். முடிவு எடுக்கப்படாத பொருள்கள் ஓரிடத்தில் தேங்கினால் அதுதான் அடைசல். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டுமா, கோப்பில் வைக்க வேண்டுமா, கிழித்துப் போடலாமா? இந்தச் சட்டை இனிப் பொருந்துமா? இந்த ஒயர் எந்தக் கருவியுடையது? ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் யோசித்தால் போதும். அந்த அரை நிமிடம் கிடைக்காதபோது பொருள் இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறது. அதன்மேல் அடுத்தது வந்து விழுகிறது.

வீட்டை ஒழுங்காக வைத்திருப்பவர்கள் அதற்கென்று தினமும் மணிக்கணக்கில் ஒதுக்குகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவர்கள் வீட்டில் ஒழுங்கு பெரும்பாலும் இடைவெளிகளில்தான் உருவாகிறது. அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் வரை காத்திருக்கும் நான்கு நிமிடம், குளிக்கப் போகும் முன் இருக்கும் மூன்று நிமிடம், தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்குவதற்கு முந்தைய ஐந்து நிமிடம். சும்மா நிற்கும்போது கண் சுற்றுமுற்றும் பார்க்கும். பார்த்ததும் கை தானாக ஒன்றை எடுத்து அதன் இடத்தில் வைக்கும். யாரும் இதை வேலை என்றுகூட எண்ணுவதில்லை. ஆனால் ஒரு நாளில் இப்படிப் பத்துப் பதினைந்து முறை நடந்துவிட்டால் வீட்டில் எதுவும் தேங்காது.

கைப்பேசி முதலில் விழுங்குவது இந்த இடைவெளிகளைத்தான். நீண்ட நேரத்தை அது எடுத்துக்கொள்வது நமக்குத் தெரிகிறது, அதைப் பற்றிப் பேசவும் செய்கிறோம். சின்னச் சின்ன இடைவெளிகள் மறைந்துபோனது கண்ணுக்குத் தெரிவதில்லை. தண்ணீர் கொதிப்பதற்குள் செய்திகளை ஒரு முறை பார்த்துவிடலாம் என்று கை சட்டைப்பைக்குப் போகிறது. கண் திரையில் இருப்பதால் மேசையைப் பார்ப்பதில்லை. பார்க்காத பொருளைக் கை எடுத்து வைப்பதுமில்லை. என் பார்வையில், இணையத்துக்கும் அடைசலுக்கும் உள்ள தொடர்பில் மிக முக்கியமான கண்ணி இதுதான். பேசப்படுவது மிகக் குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இடைவெளி முடிந்தபின் திரையை அணைத்துவிட்டாலும் மனம் உடனே திரும்பிவிடுவதில்லை. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முந்தையதன் எச்சம் கவனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை சோஃபி லெராய் 2009இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் காட்டினார். முதல் வேலை முடியாமல் பாதியில் நின்றிருந்தால் எச்சம் இன்னும் கூடுதலாக இருக்கும். இணையத்தில் எதுவும் முடிவதே இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். பாதி படித்த விவாதம், பதில் வராத செய்தி, பார்த்துக்கொண்டிருந்த காணொளிக்குக் கீழே காத்திருக்கும் அடுத்த காணொளி. இத்தனையும் மனத்தில் இழுபடும்போது, இந்த ரசீது வேண்டுமா வேண்டாமா என்ற சின்ன முடிவுகூடப் பாரமாகிவிடுகிறது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடுகிறோம்.

நிறுத்தம் இல்லாத பக்கம்

கொஞ்ச நேரம்தான் என்று எடுத்த கைப்பேசி ஏன் முக்கால் மணி நேரம் கையிலேயே இருக்கிறது? இதற்கு மன உறுதிக் குறைவை மட்டும் காரணம் சொல்வது அநியாயம். புத்தகத்தில் அத்தியாயம் முடியும். செய்தித்தாளில் கடைசிப் பக்கம் வரும். அங்கே நின்று, போதுமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள ஓர் இடம் கிடைக்கும். இணையப் பக்கங்களிலும் முன்பு அப்படி ஓர் இடம் இருந்தது. பக்கத்தின் அடிக்கு வந்ததும் அடுத்த பக்கத்துக்குப் போக ஓர் எண்ணை அழுத்த வேண்டியிருந்தது. கீழே தள்ளத் தள்ளப் புதிதாக வந்துகொண்டே இருக்கும் முறையை 2006இல் வடிவமைத்தவர் ஏசா ரஸ்கின். மக்களின் நேரத்தை அது எப்படி விழுங்கியது என்பதைக் கண்டு பின்னாளில் அவரே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

இன்னொன்று, எப்போது நல்லது வரும் என்று தெரியாத நிலை. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த சோதனைகளில், எத்தனை முறை அழுத்தினால் தீனி விழும் என்பது மாறிக்கொண்டே இருந்தபோது அவை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தன. நாம் தள்ளும் திரையிலும் பத்தில் ஒன்பது உப்புச் சப்பில்லாதவை. பத்தாவது நம்மைச் சிரிக்க வைக்கிறது அல்லது உருக்குகிறது. அந்தப் பத்தாவது எப்போது வரும் என்று தெரியாததால்தான் விரல் நிற்பதில்லை.

இவற்றோடு சேர்ந்து கவனமும் சிதறப் பழகிவிடுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க், ஒருவர் ஒரு திரையில் எவ்வளவு நேரம் தொடர்ந்து நிற்கிறார் என்பதைப் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார். 2004இல் சராசரி இரண்டரை நிமிடமாக இருந்தது. பிற்கால அளவீடுகளில் அது 47 விநாடி அளவுக்கு இறங்கிவிட்டது. அலமாரி ஒன்றைத் துப்புரவாக்கவோ ஒரு பாடலை வாசித்துப் பழகவோ 47 விநாடி போதாது.

வாசலுக்கு வந்து சேரும் பெட்டிகள்

இதுவரை சொன்னது பொருள்கள் வீட்டைவிட்டு வெளியேறாமல் தங்குவதைப் பற்றி. உள்ளே வருவதையும் இணையம் கூட்டுகிறது. திறந்த குழாயும் அடைத்த வடிகாலும் உள்ள தொட்டி நிரம்புவதற்கு அதிக நேரம் ஆகாது.

கடைக்குப் போய் வாங்கிய காலத்தில் ஆசைக்கும் பொருளுக்கும் நடுவே பல தடைகள் இருந்தன. கிளம்ப வேண்டும், பயணம் செய்ய வேண்டும், கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், சுமந்து வர வேண்டும். அந்தத் தடைகள் தொல்லையாக இருந்தாலும் யோசிக்க அவகாசம் தந்தன. இணைய வணிகம் அவற்றை ஒவ்வொன்றாக நீக்கியது. ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு அமேசான் நிறுவனம் 1999இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. 2017இல் அந்தக் காப்புரிமை காலாவதியான பிறகு எவர் வேண்டுமானாலும் அதைப் பயன்படுத்தலாம் என்றாயிற்று. நள்ளிரவில், களைத்த கண்களோடு, படுக்கையில் இருந்தபடியே வாங்கிவிட முடிகிறது. இரண்டு நாள் கழித்துப் பெட்டி வரும்போது எதற்காக வாங்கினோம் என்பதே சில நேரம் நினைவில் இருப்பதில்லை.

பெட்டி வந்ததும் அடுத்த சிக்கல். பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பலாம் என்ற வசதி இருக்கிறது. ஆகவே அட்டைப்பெட்டியையும் அடைப்புத் தாளையும் எறியாமல் வைத்திருக்கிறோம். திருப்பி அனுப்பும் வேலையோ இன்னும் சில நிமிடங்களைக் கேட்கிறது; அதுவும் நாளைக்குத் தள்ளப்பட்டு, கெடு முடிந்து, பொருளும் பெட்டியும் நிரந்தரமாகத் தங்கிவிடுகின்றன.

வந்த பொருளை வெளியே அனுப்புவது ஏன் அவ்வளவு கடினம் என்பதற்குப் பொருளியலில் நல்ல விளக்கம் உண்டு. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட சோதனையில் சிலருக்குக் காபிக் கோப்பைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். கொடுத்த சில நிமிடங்களிலேயே, அதை விற்பதானால் என்ன விலை வேண்டும் என்று அவர்களைக் கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்கள். கோப்பையில் மாற்றம் எதுவும் இல்லை. அது கைக்கு வந்துவிட்டது, அவ்வளவே. உரிமை வந்ததும் மதிப்பு கூடிவிடும் இந்த மனப்போக்கு நம் எல்லோரிடமும் உண்டு. வாங்குவது ஒரு சொடுக்கு, விடுவது ஒரு மனப்போராட்டம் என்று ஆகிவிட்டபின் வீடு நிரம்பாமல் என்ன செய்யும்?

பார்ப்பதும் செய்வதும்

பொழுதுபோக்குக்கு வருவோம். இங்கே நடப்பது இன்னும் நுட்பமானது. ஒருவர் ஓவியத்தை விட்டுவிட்டார் என்றால், ஓவியத்தின் மீதுள்ள ஆசை போய்விட்டது என்று பொருளல்ல. பெரும்பாலும் அவர் ஓவியம் வரையும் காணொளிகளைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஆசை அப்படியே இருக்கிறது. அதற்குத் தீனியும் கிடைக்கிறது. தூரிகையைத் தொட வேண்டிய தேவைதான் இல்லாமல் போய்விட்டது.

சித்திரமும் கைப்பழக்கம் என்று நாம் சொல்வோம். கண்பழக்கம் போதும் என்று நம்மை நம்பவைக்கிறது காணொளி. மைக்கேல் கார்டாஸ், எட் ஓப்ரையன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018இல் இதைச் சோதித்தார்கள். மேசை விரிப்பை மேலே உள்ள பாத்திரங்கள் விழாமல் உருவும் வித்தை, இலக்கில் கூரிய டார்ட் எறிவது போன்றவற்றின் காணொளியைச் சிலர் ஒரே முறையும் சிலர் இருபது முறையும் பார்த்தார்கள். அதிக முறை பார்த்தவர்களுக்குத் தங்களாலும் செய்ய முடியும் என்ற நம்பிக்கை கூடியது. டார்ட்டைக் கையில் கொடுத்து எறியச் சொன்னபோதோ திறமை கூடியிருக்கவில்லை. இதில் இன்னொரு பாதிப்பும் இருக்கிறது. நிறையப் பார்த்துவிட்டு முதல் முறையாக முயலும்போது, வளர்ந்துவிட்ட நம்பிக்கைக்கும் கையில் வரும் கோணல் கோட்டுக்கும் இடையே பெரிய பள்ளம் தெரிகிறது. ஒன்றுமே பார்க்காமல் தொடங்குபவருக்கு இந்த ஏமாற்றம் இல்லை. அவர் கோணல் கோட்டையும் ரசிப்பார்.

இந்த ஏமாற்றத்தை ஆற்றிக்கொள்ள மனம் ஒரு வழி கண்டுபிடிக்கிறது. சரியான தூரிகை இல்லை, நல்ல தாள் இல்லை, இந்தக் கிட்டாரின் கம்பி தரமில்லை என்று தோன்றுகிறது. தேடல் தொடங்குகிறது. ஒப்பீடுகளும் விமர்சனங்களும் படிப்பதில் சில மாலைகள் போகின்றன. பொருள் வந்து சேர்கிறது. வாங்கியதிலேயே ஏதோ சாதித்துவிட்ட நிறைவு கிடைக்கிறது. பிறகு அந்தப் பொருளும் மூலையில் சேர்ந்து, பார்க்கும்போதெல்லாம் ‘இன்னும் தொடங்கவில்லையே’ என்ற குற்ற உணர்வைக் கிளறுகிறது. வீட்டு அடைசலும் கைவிட்ட பொழுதுபோக்கும் ஒரே பொருளாக உருவெடுப்பது இங்கேதான். அலமாரிகளில் மிகவும் வலிக்கும் பகுதி பழைய துணிகள் இருக்கும் அடுக்கல்ல. ஒரு காலத்தில் ஆக வேண்டும் என்று விரும்பிய ஒருவருக்காக வாங்கி வைத்த பொருள்கள் இருக்கும் அடுக்கு.

செய்பவர்களும் தப்புவதில்லை. பின்னிய ஸ்வெட்டரைப் படமெடுத்துப் பகிர்கிறோம்; பாராட்டு வருகிறது. நல்லதுதான். ஆனால் மெல்ல மெல்ல, பாராட்டு வரக்கூடியதை மட்டும் பின்னத் தொடங்கிவிடுகிறோம். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் ஒரு மழலையர் பள்ளியில், வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள குழந்தைகளைக் கவனித்தார்கள். வரைந்தால் பரிசு என்று முன்பே சொல்லி வரையவைக்கப்பட்ட குழந்தைகள், பின்னர் பரிசு இல்லாத நேரத்தில் வண்ணப் பேனாக்களை எடுத்தது குறைந்துபோனது. பரிசு எதையும் எதிர்பார்க்காமல் வரைந்தவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. விருப்பக் குறிகளை எண்ணிப் பார்க்கும் பெரியவர்களுக்கும் இதே ஆபத்து இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பொழுதுபோக்கின் பெரிய பேறே எவருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பது. அதை இழந்துவிட்டால் அதுவும் இன்னொரு அலுவலாகிவிடும்.

ஒன்றில் தன்னை மறந்து ஆழ்ந்துபோகும் அனுபவத்தை உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1970களிலிருந்து ஆராய்ந்தார். செய்யும் வேலையின் சவாலும் நம் திறமையும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், அடுத்து என்ன செய்வது என்பது தெளிவாக இருக்க வேண்டும், செய்தது சரியா என்பது உடனுக்குடன் தெரிய வேண்டும் என்பவை அவர் கண்ட நிபந்தனைகள். நல்ல பொழுதுபோக்கு எதுவும் இவற்றைத் தரும். ஆனால் அந்த ஆழத்துக்குள் இறங்குவதற்கே சில நிமிடங்கள் ஆகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறிவிப்பு ஒலித்தால் ஒவ்வொரு முறையும் கரைக்கு வந்துவிடுகிறோம். பிறகு, இப்போதெல்லாம் எதிலும் மனம் லயிப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோம்.

இரண்டும் சேர்ந்து உருவாக்கும் சுழல்

வேலை முடிந்து களைத்து வந்த ஒரு மாலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். தையல் மெஷின் முன் உட்காரலாம் என்ற எண்ணம் வருகிறது. மெஷினின்மேல் துணிக் குவியல். அதை அகற்ற வேண்டும். அகற்றி எங்கே வைப்பது? நூல் எந்தப் பெட்டியில்? கத்தரிக்கோல் எங்கே? தைக்கத் தொடங்குவதற்கு முன்பே பதினைந்து நிமிடம் உழைக்க வேண்டும். பக்கத்தில் கைப்பேசி இருக்கிறது. அதைத் தொடங்க எந்த உழைப்பும் தேவையில்லை. களைத்த மனம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றைய மாலை திரையில் போகிறது. துணிக் குவியல் அப்படியே இருக்கிறது. நாளை அதன்மேல் இன்னும் இரண்டு சட்டைகள் சேரும். தொடங்குவதற்கான உழைப்பு இன்னும் கொஞ்சம் கூடும்.

அடைசல் மனத்தையும் சும்மா விடுவதில்லை. கண்முன் பல பொருள்கள் ஒரே நேரத்தில் இருக்கும்போது அவை மூளையின் பார்வைப் பகுதியில் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன என்பதை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி மெக்மெய்ன்ஸ், சபீன் காஸ்ட்னர் ஆகியோரின் 2011ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. லாஸ் ஏஞ்சலஸில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களை வைத்து டார்பி சாக்ஸ்பி, ரேனா ரெப்பெட்டி ஆகியோர் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டியபோது அடைசல், முடியாத வேலை என்ற பொருளில் அதிகம் பேசிய பெண்களுக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் என்ற ஹார்மோன் நாள்போக்கில் வழக்கம்போல் இறங்கவில்லை; மாலையில் மனநிலையும் சோர்ந்திருந்தது. ஆண்களிடம் இந்தத் தொடர்பு அவ்வாறு தெரியவில்லை. குவியலைப் பார்ப்பவர்களில் யார் தன்னைப் பொறுப்பாக்கிக்கொள்கிறாரோ அவருக்குத்தான் அது சுமை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். வீட்டு வேலையை ஒருவர் தலையில் கட்டியிருக்கும் குடும்பங்கள் இதை நின்று யோசிக்க வேண்டும்.

இப்படி அழுத்தம் தரும் அறையிலிருந்து கண்ணை எடுக்க மிக எளிய வழியும் திரைதான். அதனால் சுழல் முழுமையடைகிறது: திரை குவியலை வளர்க்கிறது, குவியல் பொழுதுபோக்கைத் தடுக்கிறது, வெறுமையான மாலை மீண்டும் திரையிடம் போகிறது.

இணையத்தின்மேல் மட்டும் பழி போடலாமா?

கூடாது. காரணம் எதிர்த்திசையிலும் ஓடலாம். மனச்சோர்வில் இருப்பவருக்கு வீட்டைக் கவனிக்கத் தெம்பு இருக்காது, பிடித்த வேலையில் நாட்டம் இருக்காது, மணிக்கணக்கில் திரையைப் பார்ப்பதும் அதே சோர்வின் வெளிப்பாடாக இருக்கும். கவனக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இந்த மூன்றும் சேர்ந்தே வருவதுண்டு. பொருள்களை விடவே முடியாமல், அறைகளைப் பயன்படுத்தவே இயலாத அளவுக்குச் சேர்ந்துவிட்டால் அது தனிக் கோளாறு. 2013 முதல் அமெரிக்கக் கையேட்டில் தனிப் பெயரோடு இருக்கிறது. இவர்களுக்குத் தேவை மனநல மருத்துவரின் துணை. கைப்பேசியைப் பிடுங்குவதால் எதுவும் சரியாகாது. குவியலை வீட்டார் ஒரே நாளில் வலுக்கட்டாயமாக அள்ளி எறிவது நிலைமையை மோசமாக்கவே செய்யும்.

ஆய்வு உலகிலும் எச்சரிக்கை தரும் ஒரு கதை உண்டு. ராபர்ட் கிராட் என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும், முதன்முறையாக இணையம் வந்த வீடுகளைக் கவனித்து 1998இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இணையத்தை அதிகம் பயன்படுத்தியவர்கள் வீட்டாரோடு பேசுவது குறைந்தது, தனிமை உணர்வு கூடியது என்றார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே மனிதர்களைத் தொடர்ந்து பார்த்தபோது அந்தத் தீய விளைவுகளில் பெரும்பாலானவை மங்கிவிட்டிருந்தன. பழக்கம் நிலையாக நிற்பதில்லை, மாறும். நம் பழக்கமும் மாறக்கூடியது என்பதற்கு இதை ஓர் ஆறுதலாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கே தொடங்குவது?

முழு வீட்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒழுங்குபடுத்தும் திட்டம் வேண்டாம். பாதியில் களைத்து, அலமாரியிலிருந்து இறக்கியவை எல்லாம் தரையில் கிடக்க, முன்பைவிட மோசமாக முடியும். இணையத்தை அடியோடு நிறுத்துவதும் பெரும்பாலோருக்கு நடக்காத காரியம்.

நான் பரிந்துரைப்பது, பொழுதுபோக்கு நடக்கும் ஒரே ஒரு பரப்பை மீட்பது. பாதி மேசை போதும். அதில் வேறு எதுவும் வைக்கக்கூடாது. கருவிகள் எடுத்த எடுப்பில் பயன்படுத்தும் நிலையில் வெளியே இருக்கட்டும்: கிட்டார் உறைக்குள் வேண்டாம், தாங்கியில் நிற்கட்டும், நூல் கோத்த ஊசி துணியிலேயே குத்தியிருக்கட்டும். தொடங்குவதற்கான உழைப்பைக் குறைப்பதுதான் நோக்கம். கைப்பேசிக்கு இதன் எதிர்த்திசையில் செய்ய வேண்டும். வீட்டில் அதற்கு ஒரு நிலையான இடம், முடிந்தால் வேறு அறையில். அவசர அழைப்புக்கு மணியடிக்கட்டும். மற்ற அறிவிப்புகளை அணைத்துவிடலாம்.

கொதிக்கும் தண்ணீர், துணி துவைக்கும் மெஷின், தொடங்கப்போகும் அலுவலகக் கூட்டம் என்று காத்திருக்கும் இடைவெளிகளைத் திரும்பப் பெற வேண்டும். வெறும் உறுதிமொழி இதற்கு உதவாது. ‘இது நடக்கும்போது இதைச் செய்வேன்’ என்று நேரத்தையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொள்பவர்கள் சொன்னதைச் செய்யும் வாய்ப்பு அதிகம் என்பதை பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டின. ‘இனி ஒழுங்காக இருப்பேன்’ என்பதற்குப் பதிலாக, ‘தண்ணீரை அடுப்பில் வைத்ததும் மேசைமேல் இருக்கும் காகிதங்களைப் பார்ப்பேன்’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். வாங்கும் ஆசைக்கும் இதே முறை: பிடித்ததை ஒரு தாளில் எழுதி வைத்து, ஒரு வாரம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம். பாதிக்கு மேல் அந்தத் தாளிலேயே நின்றுவிடும்.

தொடக்க நாள்கள் சலிப்பாக இருக்கும். கை பழைய இடத்தைத் தேடும். வரைய உட்கார்ந்தால் மூன்றாம் நிமிடமே எழுந்துவிடத் தோன்றும். இதில் எந்தக் குறையும் இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஃபிலிப்பா லாலி குழுவினர் நடத்திய ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஒரு நாள் விட்டுப்போனதற்காக எல்லாவற்றையும் கைவிடுபவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, மூலையில் இருக்கும் அந்தப் பொருள்கள். இருபது பொழுதுபோக்குகளுக்கான கருவிகள் ஒரு வீட்டில் இருக்கலாம்; மனம் உண்மையில் நாடுவது ஒன்றோ இரண்டோ. மற்றவற்றை, ஒரு காலத்தில் பிடித்திருந்தது, இப்போது முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு விடைகொடுக்கலாம். எது முடிந்தது என்று தெரியாவிட்டால் ஒரு மாலை அதைக் கையில் எடுத்து அரை மணி நேரம் செய்து பாருங்கள், கையே சொல்லிவிடும். கொடுப்பது என்று முடிவானதும், அதைப் புதிதாகக் கற்கத் தொடங்கும் ஒருவரைக் கண்டுபிடிக்க இணையத்தைவிட நல்ல வழி இல்லை. ஒரு படம், இரண்டு வரி விவரம், எடுத்துச் செல்ல வேண்டிய நாள்: இவ்வளவு எழுதினால் போதும். ஆள் கிடைத்த அன்றே கொடுத்தனுப்பிவிடுங்கள்.